சத்தத்தைக் குறைத்தது நான்தான்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மாஸ்ரர் வீட்டு முன் அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: மாஸ்ரர், தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்ற அவருடைய மனைவி, வங்கியில் வேலை செய்த ஓர் அண்ணை, அவருடைய மகன், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து நல்லூரில் இருந்த ஓர் அக்கா, அவருடைய மகன், நான், என் மகள். எட்டுப் பேர். வேறு ஒருவரும் இல்லை. பிறகு நல்லூரிலும் அரியாலையிலும் எத்தனையோ பேர் தாங்களும் அங்கே நின்றதாகவும், நான் குளறிக்கொண்டு போய் ரீவியை அடித்து நிற்பாட்டியதாகவும் கதைத்திருக்கிறார்கள். நான் குளறவில்லை. ரீவியை நிற்பாட்டவும் இல்லை. எழும்பிப் போய்ச் சத்தம் குறைக்கிற குமிழைத் திருப்பினேன், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

எண்பத்தாறாம் ஆண்டுக் கதை இது. மாஸ்ரர் தன் வளவில் ஓலைக் கொட்டில் போட்டுப் பெரிய பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர். இலண்டனில் இருந்த அவருடைய தம்பி, ஊருக்கு வந்த ஆரோ ஒருவரிடம் ஒரு கொம்பியூட்டரைக் கொடுத்தனுப்பியிருந்தார். இப்போது எல்லோரும் காண்கிற பெட்டி மாதிரி இல்லை. எழுத்துக் கட்டைகள் மட்டும் உள்ள தட்டையான ஒரு பலகை. அதை ஒரு வயரால் ரீவியோடு தொடுக்க வேண்டும். பக்கத்தில் பாட்டுக் கேட்கிற சாதாரண ரேப் றெக்கோடர். அதில் கசற்றைப் போட்டு ஓடவிட்டால், கசற்றில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக ரீவிக்குள் போய்ச் சேரும். தம்பி பத்துப் பன்னிரண்டு கசற்றுகளும் அனுப்பியிருந்தார். சின்னப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கொம்பியூட்டர் வகுப்பு என்று மாஸ்ரர் படலையில் மட்டை எழுதித் தொங்கவிட்டார். எங்கள் ஊரில் அதற்கு மேல் என்ன வேண்டும். ஐந்து வயதிலேயே ரியூசனுக்கு அனுப்புகிற சனம் நாங்கள்.

எனக்குப் பயம் கூட. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிள்ளை இருமினால் அது நெஞ்சுச் சளி என்று நினைப்பேன். தபால்காரன் வராவிட்டால் ஒரு பயம், வந்தால் இன்னொரு பயம். சவூதியில் லொறி ஓடின என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியாக "நீர் வடிவாய் நித்திரை கொள்ளும்" என்று எழுதுவார். கொம்பியூட்டர் என்றதும் எனக்கு முதலில் வந்த யோசனை, கட்டையைத் தொட்டால் கறண்ட் அடிக்குமோ என்பதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ரப்பர்ச் செருப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கழற்றச் சொன்னார்கள். "சாமியறையைத் தாண்டித்தான் போகவேணும், பிள்ளை," என்றார் மாஸ்ரரின் மனைவி. சரி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாமியறையைத் தாண்டினேன். கதிரையில் இருத்தியதும் செருப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன். வங்கி அண்ணை சிரித்தார். சிரிக்கட்டும். அவருடைய பிள்ளை வெறுங்காலோடு இருந்தான், அது அவருடைய பாடு.

பயந்துகொண்டும் ஏன் போனேன் என்றால், எனக்கு ஒரு தேவை இருந்தது. மகளுக்கு ஆறு வயது, முதலாம் வகுப்பு. வீட்டில் தையல் மெசினடியில் இருந்து, பட்டன்களைப் பிரித்துப் பிரித்துக் கூட்டலும் கழித்தலும் செய்வாள். ஒன்றும் பிழைக்காது. பள்ளிக்கூடத்தில் தாள் வெறுமையாக வரும். ஆமிக்காரர் இருந்த கோட்டைப் பக்கம் ஒரு வெடி கேட்டாலோ, வானத்தில் அவர்களுடைய ஹெலிகொப்டர் இரைந்தாலோ, அடுத்த வகுப்பில் மேசை விழுந்தாலோ, பென்சிலை வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிடுவாள். சத்தம் போன பிறகும் கை இறங்காது. அவளுடைய ரீச்சர் நல்லவ. என்னைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னா.

"கணக்குத் தெரியாத பிள்ளை இல்லை. ஆனா நான் வெறும் பேப்பருக்கு எப்பிடிச் சரி போடுறது? வருசக் கடைசிச் சோதினையும் இப்பிடியெண்டா, இன்னொரு வருசம் முதலாம் வகுப்பிலையே இருக்கட்டும். பழகட்டும்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா பாயோடு பாயாகக் கிடந்தா, தம்பிமாரைப் பார்க்க ஆள் இல்லை, நின்றுவிட்டேன். எனக்குக் கவலை இல்லை என்று சொல்லித் திரிந்தாலும், பள்ளிக்கூடத்தில் ஒரு வருசம் பின்னுக்கு இருத்தப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று நான் கண்டிருக்கிறேன். கடைசி வாங்கில் இருக்கும், உயரமாய் இருக்கும், பிறகு ஒரு நாள் வராது. என் பிள்ளை அந்த வாங்குக்குப் போகக் கூடாது. கொம்பியூட்டர் என்கிற புதினத்துக்கு முன்னால் இருந்தாலாவது அவளுடைய கை காதிலிருந்து இறங்கி விடையை எழுதும் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் கணக்கு.

மாஸ்ரர் கசற்றுகளை மேசையில் இரண்டு குவியலாக வைத்திருந்தார்.

"இது படிப்பு. இது விளையாட்டு," என்றார். "ஒண்டை ஏத்திறதுக்கே அரைவாசி உயிர் போயிடும். அதாலை வகுப்புக்கு ஒரு கசற்றைத் தெரிவு செய்வம். காசு குடுக்கிறது நீங்கள், நீங்களே சொல்லுங்கோ."

"விளையாட்டுக் குவியலை அப்பிடியே உள்ளுக்கு வையுங்கோ மாஸ்ரர்," என்றார் வங்கி அண்ணை. "விளையாடுறதுக்கு எங்கடை ஒழுங்கை காணும்."

மேலே இருந்த ஒன்றை மாஸ்ரர் தூக்கிக் காட்டினார். அட்டையில் ஒரு ஹெலி, கீழே நெருப்பு.

"ஹெலி பாக்கிறதுக்கு ஆரும் காசு குடுப்பினமோ?" என்றார் அண்ணை. "முற்றத்துக்கு வந்தாக் காணும், ஓசியிலை வட்டமடிப்பான்."

எல்லோரும் சிரித்தோம். குருநகர் அக்காதான் கூடச் சிரித்தா. அந்தக் கசற் அதோடு ஒதுங்கியது. அதில் எனக்கும் ஒரு மறுப்பும் இல்லை.

விளையாட்டுக் குவியலில் இருந்த இன்னொன்றை மாஸ்ரர் சும்மா ஏற்றிக் காட்டினார். கசற் ஓடும்போது ரீவி கீச்சிட்டு ஊளையிட்டது. மகள் உடனே காதைப் பொத்தினாள். "அது கசற் கதைக்கிற பாசை, குஞ்சு," என்றார் மாஸ்ரர். பொல்லாத மனிதர் இல்லை அவர். ஊளை நின்றதும் ரீவியில் ஒரு வெறும் வெளி வந்தது, நடுவில் அம்பு முனை மாதிரி ஒரு பொட்டு. முன்னுக்கு இவ்வளவு போ என்று இலக்கத்தை அடித்தால், கோடு கீறிக்கொண்டு அவ்வளவு தூரம் போகும். திரும்பு என்றால் திரும்பும். பிழையாகச் சொன்னால் பிழையான பக்கம் போய் நிற்கும். திட்டாது, மணி அடிக்காது. அடுத்த சொல்லுக்குப் பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு அது பிடித்துக்கொண்டது. மகளின் கை ஒரு காதிலிருந்து இறங்கியதையும் கண்டேன்.

"உதிலை எத்தினை மாக்ஸ் எண்டு வருமோ?" என்று அண்ணை கேட்டார்.

"மாக்ஸ் இல்லை."

"அப்ப விளையாட்டுத்தான்."

பிறகு மாஸ்ரர் படிப்புக் குவியலிலிருந்து கணக்குக் கசற்றை எடுத்தார். "தம்பி இதைத்தான் முக்கியமாச் சொன்னவன். அங்கை பள்ளிக்கூடங்களிலையே பாவிக்கினமாம்."

ஊளை முடிந்து படம் வந்தது. கறுப்பு வானம். கீழே ஒரு வரிசை வீடு, சின்னச் சின்ன ஓட்டுக் கூரை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு யன்னல், யன்னலில் மஞ்சள் வெளிச்சம். வானத்திலிருந்து ஒரு கணக்கு இறங்கத் தொடங்கியது. மூன்றும் நாலும். கெதியாக ஏழு என்று அடித்தால் கணக்கு வானத்திலேயே மறைந்துபோகும். பிந்தினால் அது கூவிக்கொண்டு வரும். மேலே மெல்லிசாகத் தொடங்கி, கிட்ட வரவரத் தடித்து, கடைசியில் டும். அந்த வீடு இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

இலண்டனில் இருக்கிற பிள்ளைக்கு அது பிழைவிட்ட சத்தம். எங்களுக்கு அது என்ன சத்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த வருசம் யாழ்ப்பாணத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் படிப்புக் குவியலிலிருந்து வந்த கசற் என்பதால், கேட்ட சத்தத்தைக் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

வங்கி அண்ணையின் மகன் முதலில் இருந்தான். சுழியன். டக்கு டக்கென்று அடித்தான். ஒரு வீடு மட்டும் போனது. அண்ணை எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அடுத்தது என் மகள். முதல் கணக்கு இறங்கியது. இரண்டும் ஆறும். அவளுக்குத் தெரியும், உதடு எட்டு என்று அசைந்தது. கை கட்டைக்குப் போகவில்லை. கூவத் தொடங்கியதும் இரண்டு கையும் காதுக்குப் போய்விட்டன. டும். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உந்த வீட்டுக்கு ஒளிக்கப் பங்கர் இல்லையோ?"

"அது வெறும் படம், குஞ்சு. விடையை அடியுங்கோ," என்றார் மாஸ்ரர்.

இரண்டாவது கணக்கும் கூவிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நான் எழும்பினேன். குமிழைத் திருப்பினேன். இரண்டாவது வீடு ஒரு சத்தமும் இல்லாமல் போனது.

"என்ன பிள்ளை செய்யிறியள்?"

"சத்தத்தைக் குறைச்சனான் மாஸ்ரர்."

"சத்தம் இருந்தாத்தான் பிள்ளைக்குப் பிழையெண்டு விளங்கும்."

"வீடு போறதைப் பாத்தா விளங்காதோ?"

அண்ணை குறுக்கே வந்தார். "தங்கச்சி, பிள்ளையைப் பஞ்சுக்குள்ளை வைச்சு வளக்க ஏலாது. இஞ்சை இருக்கப் போறதெண்டாச் சத்தத்துக்குப் பழகத்தான் வேணும். உதிலை பழகினால் நல்லதுதானே, ஆருக்கும் காயம் இல்லை."

"நாங்கள் பழகியிட்டமோ அண்ணை? நேற்று இரைஞ்சதுக்கு நீங்கள் சைக்கிளைப் போட்டிட்டு மதகுக்குள்ளை இறங்கினதை நான் கண்டனான்."

அவருடைய மகன் சிரித்தான். தகப்பன் பார்த்த பார்வையில் நிற்பாட்டினான்.

நான் மாஸ்ரரிடம் சொன்னேன்: "அந்தப் பொட்டுக் கசற்றைப் போடுங்கோ. அதிலையும் இலக்கம் இருக்கு. இது படிப்புமில்லை ஒண்டுமில்லை. ஹெலிக் கசற்றை ஒதுக்கிப்போட்டு அதின்ரை தம்பியை எடுத்து வைச்சிருக்கிறியள்."

மாஸ்ரர் முகம் சிவந்தார், ஆனால் கோபிக்கவில்லை. குருநகர் அக்கா பக்கம் திரும்பி, "நீங்கள் சொல்லுங்கோ," என்றார். அந்த அக்கா என் பக்கம்தான் நிற்பா என்று நான் நம்பினேன். கோட்டைக்குக் கிட்ட இருந்த அவவின் வீட்டில் செல் குண்டு விழுந்து கூரையும் போய், ஒரு பக்கச் சுவரும் போய், புருசனும் பிள்ளையுமாய் நல்லூரில் ஒரு சொந்தக்காரருடைய பின் விறாந்தையில் இருந்தார்கள். புருசனுக்குக் கடலுக்குப் போக வழியில்லை. வகுப்புக் காசு பிரான்சில் இருந்த தம்பி அனுப்பினது.

அக்கா கொஞ்சம் யோசித்தா. "என்ரை மோனுக்கு இதுதான் வேணும்," என்றா. "இதிலை அவன் சரியாச் செய்தா வீடு தப்புதெல்லே. எங்களுக்கு அப்பிடி ஒரு வழி கிடைக்கேல்லை."

அவவுக்கு அது சரி. நான் இன்று வரைக்கும் அவவைப் பிழை சொன்னதில்லை. ஆனால் என் பிள்ளைக்குச் சரியில்லை. ஒரே கசற் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி என்று ஆர் சொன்னது? சட்டைக்குக்கூட நான் ஒவ்வொரு பிள்ளையையும் நிற்கவைத்து அளவெடுக்கிறேன்.

கை தூக்கச் சொன்னார் மாஸ்ரர். கணக்குக் கசற்றுக்கு அண்ணை, அக்கா, மாஸ்ரர். பொட்டுக் கசற்றுக்கு நான். மாஸ்ரரின் மனைவி தட்டை வைத்துவிட்டுக் கையைத் தூக்கப் போனா. "உமக்கென்ன இதிலை," என்று மாஸ்ரர் சொல்ல, அந்தக் கையால் வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனா.

அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். அனுப்பாமல் விடலாம். விட்டால், பயந்து நிற்பாட்டினவள் என்று ஆகும், பிள்ளையும் பழையபடி வெறும் பேப்பர். அனுப்பினால், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காசு கொடுத்துச் செல்லடி வாங்கின மாதிரி. யோசிக்க யோசிக்க எனக்குப் பயம் கூடினது. பயம் கூடக் கூட இன்னொன்றும் வந்தது. அதை என்னவென்று சொல்ல, ஒரு முரண்டு. பயந்தவள் சொல்வதில் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறவள் பயந்தவள்தான். மற்றவர்கள் ரீவியில் விழுகிற கணக்கைப் பார்த்தார்கள். நான் பிள்ளையின் தோளைப் பார்த்தேன். அது காது மட்டத்துக்கு ஏறிப்போய் இருந்தது.

சனிக்கிழமை சைக்கிளில் மகளை ஏற்றிக்கொண்டு போனேன். மற்றப் பெற்றார் படலையடியில் விட்டுவிட்டுப் போனார்கள். நான் உள்ளே வந்து, ரீவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"பெற்றார் நிக்கிறேல்லை, பிள்ளை."

"நான் கதைக்கமாட்டன் மாஸ்ரர்."

"கதைக்கிறதைப் பற்றி இல்லை."

"என்ரை பிள்ளையின்ரை முறை வரேக்கை சத்தத்தைக் குறைப்பன். முடியக் கூட்டிவிடுவன். மற்றப் பிள்ளையளுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

என்னைத் தூக்கி வெளியே போட அவரால் ஏலாது, அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். "குமிழை உடைச்சுப்போடாதேங்கோ," என்று மட்டும் சொன்னார்.

அப்படித்தான் நடந்தது. மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது மகள் வெளியே ஜம்பு மரத்தடியில் நின்று பழம் பொறுக்குவாள். அவளுடைய முறை வந்தால் நான் குமிழைத் திருப்புவேன், அவள் உள்ளே வந்து கதிரையில் ஏறுவாள். "மாமி, சத்தம் இல்லாட்டி ஒரு சுவாரசியமும் இல்லை," என்று வங்கி அண்ணையின் மகன் பின்னால் நின்று முணுமுணுப்பான். "உம்மடை முறைக்கு உமக்குச் சத்தம் வைப்பன், ராசா," என்பேன். ஊரில் எனக்குப் பட்டப்பெயர் வந்தது, குமிழ் மாமி. என் காது கேட்கவே சொன்னார்கள். சொல்லட்டும்.

முதல் சனிக்கிழமைகளில் மகள் ஒன்றுமே செய்யவில்லை. சத்தம் இல்லாததால் கை காதுக்குப் போகவில்லை, மடியில் இருந்தது. கணக்கு இறங்கும், வீடு போகும், பார்த்துக்கொண்டு இருப்பாள். இவ்வளவு முரண்டு பிடித்ததும் இதற்குத்தானோ என்று யோசித்தேன். அந்தப் பொட்டுக் கசற்றையாவது ஒரு முறை போடச் சொல்லிக் கேட்டேன். மாஸ்ரர், கை தூக்கி முடிவெடுத்தது முடிவெடுத்ததுதான் என்றார்.

பிறகு ஒரு சனிக்கிழமை. வீடுகள் ஒவ்வொன்றாய்ப் போய்க் கடைசி வீடும் போய்விட்டது. கீழே வெறும் பள்ளம் பள்ளமாய் இருந்தது. அந்தக் கசற்றில் ஒரு விசயம், வீடு முடிந்தாலும் கணக்கு விழுவது உடனே நிற்காது. அதைச் செய்தவன் அந்த இடத்தை யோசிக்க மறந்துவிட்டான் போல. நேரம் முடியும் வரைக்கும் வெறும் நிலத்தில் கணக்கு விழுந்துகொண்டே இருக்கும். மகள் மடியிலிருந்து கையை எடுத்தாள். அஞ்சும் நாலும். ஒன்பது. கணக்கு மறைந்தது. எட்டில் மூன்று போக. அஞ்சு. மறைந்தது. அவசரப்படவில்லை, நிற்கவும் இல்லை. பட்டன் பிரிக்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாய்.

"மாஸ்ரர், இஞ்சை வந்து பாருங்கோ," என்று பின்னாலிருந்து வங்கி அண்ணையின் பெடியன் கூப்பிட்டான். "இவ வீடு எல்லாத்தையும் போகவிட்டிட்டு இப்ப செய்யிறா."

மாஸ்ரர் வந்தார். பார்த்தார். "வீடெல்லாம் போனாப் பிறகு செய்து என்ன பிரயோசனம்? புள்ளி ஒண்டும் ஏறாது."

"விடை சரியோ பிழையோ மாஸ்ரர்?"

"விடை சரிதான்."

"அப்ப?"

"அப்ப எண்டால், பிள்ளை, விளையாட்டின்ரை நோக்கம் வீட்டைக் காப்பாத்திறது."

"நீங்கள்தானே இது விளையாட்டு இல்லை, படிப்பு எண்டனியள்."

மாஸ்ரர் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு தலையைச் சொறிந்தார். மகனைக் கூட்டிப்போக வந்த குருநகர் அக்கா யன்னலடியில் நின்றா. எவ்வளவு நேரமாய் நின்றா என்று தெரியாது.

"அது சரிதானே மாஸ்ரர்," என்றா. "எங்கடை வீடு நிக்கும்வரை ஒரு இரவு நான் கண் மூடேல்லை. வீடு போனாப் பிறகுதான் ஒரு நித்திரை கொண்டனான்." சொல்லிவிட்டுச் சிரித்தா. நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் அதே கதைதான். வீடுகள் முடியும் வரைக்கும் கை மடியில். முடிந்ததும் விடைகள். ஒரு வீட்டைக்கூட அவள் காப்பாற்றினதை நான் கண்டதில்லை. கண்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பேனோ தெரியாது. ஆனால் சத்தத்தைக் கூட்டிப் பார்ப்போமே என்று ஆரும் சொன்னால், "என்ரை கையை வெட்டிப்போட்டுக் கூட்டுங்கோ," என்பேன். அக்காவின் மகன் வீடுகளைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தான், முழுச் சத்தத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு. அவனுக்கு அது நல்லது செய்தது என்றுதான் நினைக்கிறேன். முதலில் ஒருவரோடும் கதைக்காதவன், பிறகு வகுப்பு முடிந்து போகும்போது எத்தனை வீடு என்று தாய்க்குக் கணக்குச் சொல்லிக்கொண்டு போவான்.

வருசக் கடைசியில் பள்ளிக்கூடச் சோதினை வந்தது. சோதினையன்று காலை ஹெலி வராமல் இருக்க நான் வேண்டாத தெய்வம் இல்லை. வந்தது. நீளமாய் வட்டமடித்தது. நான் தையல் மெசினில் காலை வைத்தபடி இருந்தேன், ஒரு தையலும் ஓடவில்லை. பின்னேரம் பள்ளிக்கூட வாசலில் ரீச்சர் என்னைக் கண்டுவிட்டுக் கிட்ட வந்தா.

"உங்கடை மகள் அரைவாசி நேரம் சும்மா இருந்தவ," என்றா. "நான் நினைச்சன் இந்த முறையும் வெறும் பேப்பர்தான் எண்டு. ஹெலி போனாப் பிறகு பென்சிலை எடுத்தவ. மிச்ச நேரத்திலை முழுக்கச் செய்துபோட்டா. காதைப் பொத்தினவதான், ஆனா போனாப் பிறகு கையை எடுத்தவ."

"அப்ப இரண்டாம் வகுப்போ ரீச்சர்?"

"ஓம், இரண்டாம் வகுப்புத்தான்."

கசற்றால்தான் என்று நான் சொல்லமாட்டேன். பட்டனாலும் இருக்கலாம், வயது ஏறினதாலும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு என்ன எப்படிப் போய்ச் சேருகிறது என்று ஆருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளைக்கு ஒரு சாமானை வாங்கும்போது, மட்டையில் படிப்பு என்று இருக்கிறதா, விளையாட்டு என்று இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. பிழைவிட்ட பிள்ளையை அது என்ன செய்கிறது என்று பார்ப்பேன். பிள்ளை தான் நினைத்த நேரம் அதை நிற்பாட்ட முடிகிறதா என்று பார்ப்பேன். பிள்ளை விளையாடி முடித்துக் கதிரையை விட்டு இறங்கும்போது தோள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டால், இவ்வளவும் தெரியும்.

அடுத்த வருசம் நிலைமை மோசமாகி வகுப்பு நின்றது. மாஸ்ரர் ரீவியையும் பலகையையும் சீலையில் சுற்றி உள்ளே வைத்தார். குருநகர் அக்கா ஆக்கள் வேறு எங்கேயோ போய்விட்டார்கள். கடைசி மாதக் காசைக் கொடுக்கப் போனபோது, வாங்கி மேசைக்குள் வைத்த மாஸ்ரர், என்னை விடவில்லை.

"இது மகளின்ரை காசு. உங்கடை காசு?"

"என்ன என்ரை காசு?"

"நீங்களும் முதல் நாளிலையிருந்து வகுப்பிலை இருந்தனியள். ஒரு கதிரை, ஃபான் காத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு தேத்தண்ணி. மாதம் முப்பது ரூபாய்ப்படி ஆறு மாதம்."

பகிடியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் பாதி பகிடியாய்த்தான் இருந்தது.

"நான் என்ன படிச்சனான் மாஸ்ரர்?"

"சத்தம் குறைக்க."

"அது எனக்கு வரேக்கையே தெரியும்."

உள்ளேயிருந்து அவருடைய மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு கோயிலடியில் காணும்போதெல்லாம், "என்ன பிள்ளை, உங்கடை பாக்கி," என்பார். "தரமாட்டன் மாஸ்ரர்," என்பேன். கையில் காசு இருந்த நாளிலும் அதைத்தான் சொன்னேன். கொடுத்தால், நான் அங்கே இடைஞ்சலாக இருந்தேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. தன் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்ததற்கு ஒரு தாய் ஏன் காசு கட்ட வேண்டும்? அவர் கனடாவுக்குப் போகும்போது பயணம் சொல்ல வீட்டுக்கு வந்தவர், அப்போதும் கேட்டார், அப்போதும் அதே பதில்தான். அவருடைய கணக்குப்படி நான் இன்னும் கொடுக்க வேண்டியது நூற்றி எண்பது ரூபாய்.